நாலு மூட்டை மிளகு

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு என் மனைவி ஒரு லிஸ்ட் கொடுத்தாள். சீரகம் இரண்டு கிலோ, கடுகு இரண்டு, மல்லி ஐந்து, வெந்தயம் ஒன்று, சோம்பு அரை, கசகசா கால். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். மிளகைக் காணோம்.

"மிளகு விட்டுப் போச்சே?"

"விட்டுப் போகலை. நான்தான் எழுதலை. உங்களுக்கும் மிளகுக்கும் ராசி இல்லை" என்று சொல்லிவிட்டுத் தோசை திருப்பப் போய்விட்டாள்.

திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் அப்பா பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். முகம் தெரியவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்.

ராசிபுரத்திலிருந்து சேந்தமங்கலம் போகிற வழியில் பேளுக்குறிச்சி. கொல்லிமலை அடிவாரம். பஸ்ஸில் போகும்போது இடது பக்கம் ஜன்னல் முழுக்க மலைதான். சனிக்கிழமை சனிக்கிழமை அங்கே சந்தை. மற்ற ஊர் சந்தையில் கத்தரிக்காயும் கருவாடும் விற்கும். இங்கேயும் உண்டு. ஆனால் பேளுக்குறிச்சிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மளிகை. கோடை வந்துவிட்டால் வருஷத்துக்கு வேண்டிய மிளகு, சீரகம், கடுகு, மல்லியை மொத்தமாக வாங்கிப்போக எங்கெங்கிருந்தோ வருவார்கள். குடும்பத்தோடு வேன் பிடித்து வருகிறவர்களும் உண்டு. சாக்கு வாயை விரித்து வரிசையாக வைத்திருப்பார்கள். கை விட்டு அள்ளலாம், மோந்து பார்க்கலாம், இரண்டு வாயில் போட்டுக் கடிக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டைப் பிரித்து மிளகைக் கடித்துப் பாருங்கள், செக்யூரிட்டி வந்துவிடுவார்.

என் பக்கத்தில் நின்ற ஓர் ஆபீஸர் தோரணையான ஆசாமி (பாக்கெட்டில் இரண்டு பேனா) தன் மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "எல்லாம் மலைச் சரக்கு. மூலிகைக் காத்துல விளைஞ்சது. அதான் இந்த வாசனை."

கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மா அரைக் கிலோ சோம்பு வாங்கிக்கொண்டு நகர்ந்ததும் மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்க, சோம்பு மலையிலிருந்துங்களா?"

"மலைதானுங்க. எந்த மலைன்னு அவரு கேக்கலீங்க."

உண்மை என்னவென்றால், அந்தப் பத்தடிக் கடை ஓர் உலக வரைபடம். சீரகம் குஜராத். அங்கே ஊஞ்சா என்று ஓர் ஊர், நாட்டிலேயே பெரிய சீரகச் சந்தை. குளிர்காலப் பயிர். நம் பக்கத்து வெயிலுக்கு வராது. வெந்தயம், கடுகு, மல்லியில் பெரும்பங்கு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத் பக்கம். கசகசா பெரும்பாலும் துருக்கியிலிருந்து கப்பலில் வருகிறது. கிராம்புக்கு மடகாஸ்கர் வரை போகவேண்டும். பட்டை என்று நாம் பிரியாணியில் போடுவதில் பெரும்பகுதி வியட்நாமிலும் சீனாவிலும் விளைகிற வேறு ஜாதிப் பட்டை. கொல்லிமலைக்காரன் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளக்கூடியது அந்தக் கடையில் ஒன்றே ஒன்று. மிளகு.

லிஸ்ட்டில் இல்லாத அதே மிளகு.

சரி, கதைக்கு வருகிறேன். 2016. நான் பி.காம். முடித்து நாமக்கல்லில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். நாமக்கல்லில் இரண்டு பேர் சேர்ந்து டீ குடித்தால் ஒன்று லாரி பற்றிப் பேசுவார்கள், இல்லையென்றால் முட்டை பற்றி. அங்கே நாலாயிரம் ரூபாய் இன்க்ரிமென்ட்டுக்காக மேனேஜர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? எனக்கும் ஒரு பிஸினஸ் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

மிளகு விலை சில வருஷங்களாக ஏறிக்கொண்டே இருந்தது. மிளகு கெடாது. நன்றாகக் காயவைத்துச் சாக்கில் கட்டினால் வருஷக்கணக்கில் இருக்கும். தீனி போடவேண்டாம், டீசல் போடவேண்டாம். டிமாண்ட், சப்ளை எல்லாம் கல்லூரியில் படித்திருக்கிறோம். கிராஃப் கூடப் போட்டேன். கோடு மேலே மேலே போனது. (கோடு போட்டவன் நான். அது எங்கே போகும்?)

அப்பா ரிடையராகிப் பணம் வந்திருந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததில் கேட்டேன். "ரெண்டு வருஷம். டபுள் பண்ணித் தரேன்ப்பா." அப்பா பதினைந்து நாள் பேசவில்லை. பதினாறாம் நாள் செக் எழுதிக் கொடுத்தார்.

பேளுக்குறிச்சி சந்தையில் மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு பெரியவரைப் பிடித்தேன். இருநூறு கிலோ. கிலோ 680 ரூபாய். ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம். நாலு மூட்டை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அதன் மேலேயே படுத்துத் தூங்கினேன். தங்கக் கட்டி மேல் தூங்கிய மாதிரிதான் இருந்தது. தும்மல்தான் கொஞ்சம் அதிகம்.

நான் போட்ட கிராஃபில் ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டேன். வியட்நாம்.

ஒரு காலத்தில் மிளகு என்றாலே நாம்தான். கி.பி. 408-ல் ரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக், ஊரை விட்டுப்போகக் கேட்ட பிணைத்தொகையில் தங்கம், வெள்ளியோடு மூவாயிரம் ராத்தல் மிளகும் உண்டு. அது நம் மலையாளக் கரை வழியாகப் போன சரக்கு. அதற்கும் முன்னாலேயே பிளினி என்கிற ரோமானியர், இந்தியச் சாமான் வாங்கியே ரோம் வருஷத்துக்கு ஐந்து கோடி நாணயம் இழக்கிறது என்று புலம்பியிருக்கிறார். மனைவியின் ஷாப்பிங் பில் பார்த்த கணவன் மாதிரி. அப்போது கொல்லிமலையை ஆண்டவர்களில் வல்வில் ஓரி முக்கியமானவன், கடையேழு வள்ளல்களில் ஒருத்தன். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தான். மலைச் சரக்கைக் கொடுக்கிற பழக்கம் அங்கே ரொம்பப் பழசு.

வியட்நாம் மிளகை ஒரு மானாவாரிச் சங்கதியாகப் பார்க்கவில்லை. தோட்டம் போட்டு, தண்ணீர் கட்டி, உரம் போட்டுப் பயிராக்கினார்கள். நம்மூரில் ஹெக்டேருக்குச் சில நூறு கிலோ கிடைக்கிற இடத்தில் அவர்கள் இரண்டு டன்னுக்கு மேல் எடுத்தார்கள். 2000-க்குப் பிறகு உலகத்திலேயே முதல் இடம் அவர்களுக்கு. நமக்கும் இலங்கைக்கும் 2000 மார்ச் முதல் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். ஆசியான் நாடுகளோடு 2010-லிருந்து இன்னொன்று. வியட்நாம் மிளகு இலங்கைப் பேரை ஒட்டிக்கொண்டு நம்மூருக்கு வருகிறது என்று கேரளத்திலும் கர்நாடகத்திலும் விவசாயிகள் கூப்பாடு போட்டார்கள். விலை வழுக்க ஆரம்பித்தது. 2017 டிசம்பரில் மத்திய அரசு, கிலோ ஐந்நூறு ரூபாய்க்குக் குறைந்து மிளகு இறக்குமதி ஆகக்கூடாது என்று உத்தரவு போட்டது. நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து மூட்டைகளைத் தட்டிக்கொடுத்தேன். "கவலைப்படாதீங்க, கவர்ன்மென்ட் வந்துடுச்சு."

உத்தரவு ஐந்நூறில் நின்றது. விலை நிற்கவில்லை. அடுத்த வருஷமே நானூறுக்கும் கீழே.

2019-ல் தங்கச்சிக்கு வரன் அமைந்தது. நல்ல பையன். கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கவேண்டும். நாலு மூட்டையையும் மினி டோரில் ஏற்றி அதே பேளுக்குறிச்சிக்குக் கொண்டுபோனேன். கிலோ 340. அறுபத்தெட்டாயிரம். டபுள் ஆக்கித் தருகிறேன் என்று சொன்னது சரியாகப் பாதி ஆகியிருந்தது. கணக்கு படித்தவன் என்பதால் ஒரு ரூபாய் பிசகவில்லை.

வீட்டுக்கு வந்து பணத்தை அப்பா கையில் கொடுத்தேன். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "வண்டி வாடகை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். எழுநூறு என்றேன். அதைத் தனியாக எடுத்து என்னிடம் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை. கல்யாணம் நடந்தது. தங்கச்சிக்குச் செய்வதாகச் சொன்ன பத்துப் பவுன் ஏழு பவுன் ஆயிற்று. அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மச்சான் மட்டும் எங்கள் வீட்டில் பொங்கல் சாப்பிடும்போது மிளகை எடுத்து ஓரமாக வைத்து எண்ணுவார்.

நான் சொல்லவந்தது என் நஷ்டம் அல்ல. அன்றைக்கு 340-க்கு விற்கப்போனபோது, எனக்கு முன்னால் வரிசையில் நின்றது யார் தெரியுமா? 2016-ல் எனக்கு விற்ற அதே பெரியவர். சாக்கோடு.

அவருக்கு என்னை நினைவிருந்தது. "அய்யோ, தம்பி! நீங்க இன்னும் விக்கலீங்களா?" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்தார். அவருக்கும் விலை அதே 340-தான். எனக்கு ஒரு தடவை. அவருக்கு அந்த வருஷ வருமானமே அது.

"நீங்களாவது வெச்சிருந்து விக்கலாமுங்களே, மிளகுதான் கெடாதே?" என்று நான் கேட்டது எவ்வளவு அசட்டுத்தனம் என்பது அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஆடியில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது. பையனுக்குச் சேலத்தில் ஹாஸ்டல் பீஸ். தை, மாசியில் கொடி இறங்கியதும் மிளகு அவருக்குப் போயாகவேண்டும். விலை அவர் சொல்வது. தராசு அவருடையது. ஈரம் இருக்கிறது என்று கழிப்பதும் அவர்தான். 2016-ல் எனக்கு விற்ற சரக்கு மட்டும்தான் அவர் கடன் இல்லாமல், தன் இஷ்டத்துக்கு விலை சொல்லி விற்றது.

"அந்தக் காசுலதானுங்க கூரைய எடுத்துட்டு ஓடு போட்டேன்" என்றார்.

எங்கள் தங்கச்சியின் மூன்று பவுன் கொல்லிமலையில் ஒரு வீட்டுக்கு ஓடாக இருக்கிறது. இதை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை. பத்திரிகையில் எழுதிவிட்டேன். பார்ப்போம்.

காலேஜில் எங்களுக்கு எகனாமிக்ஸ் எடுத்தவர் பிரெபிஷ், சிங்கர் என்று இரண்டு பேரைச் சொல்லுவார். 1950-ல் இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். விளைபொருளையும் கனிமத்தையும் அப்படியே விற்கிற நாட்டுக்கு, காலப்போக்கில் அதே மூட்டைக்குக் கிடைக்கிற தொழிற்சாலைச் சரக்கு குறைந்துகொண்டே போகும் என்று. பரீட்சையில் பத்து மார்க் கேள்வி. எனக்கு எட்டு போட்டார்கள். டீக்கடையில் அந்தப் பெரியவர் அதையே மார்க் வாங்காமல் சொன்னார். "அப்ப ஒரு மூட்டைக்கு இவ்வளவு சாமான் வாங்குவமுங்க. இப்ப பாதிகூட வரதில்லீங்க."

கொல்லிமலையின் மற்றச் செல்வங்களும் இதே எழுபது கொண்டை ஊசி வளைவில்தான் இறங்கின. மரவள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்காரர்கள் முன்பு சாமை, தினை, கேழ்வரகு போட்டுச் சாப்பிட்டார்கள். கீழே சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் வந்தன. அதுவே ஒரு கதை. இரண்டாம் உலகப் போர் வந்து மலேயாப் பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1943-ல் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து செய்ய ஆரம்பித்தார்கள். தட்டுப்பாட்டில் பிறந்த தொழில். 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. புனேயில் ஒருத்தர் ஏகாதசி விரதத்துக்கு ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிட்டால், அதில் நம் பக்கத்து மரவள்ளி இருக்க நிறையச் சான்ஸ் உண்டு.

காசு வருகிற பயிர் என்றதும் மலையிலும் சாமைக் காடுகள் மரவள்ளிக் காடுகள் ஆயின. தப்பு சொல்லமுடியாது. சாமையைக் குத்திப் புடைத்து அரிசியாக்க வீட்டுப் பெண்கள் இடுப்பு ஒடியவேண்டும். ரேஷனில் அரிசி வந்துவிட்டது. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் ரொக்கம். ஆனால் அந்த ரொக்கத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்று 'பாயிண்ட்' பார்த்துத்தான் விலை. பாயிண்ட் பார்ப்பது ஆலையில். பிடுங்கிய கிழங்கு இரண்டு, மூன்று நாளில் கெட்டுவிடும். பாயிண்ட் பிடிக்கவில்லை என்றால் திருப்பி எழுபது வளைவு ஏற்றிக்கொண்டு போகமுடியுமா?

இப்போது வேடிக்கை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து மலையில் சிறுதானியத்தை மீட்க மெனக்கெட்டார்கள். விதை சேர்த்தார்கள், அரைக்க மெஷின் கொடுத்தார்கள், பெண்கள் குழுக்களை விற்கப் பழக்கினார்கள். பிறகு 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்றது. நகரத்தில் டாக்டர்கள் சர்க்கரை வியாதிக்காரர்களைச் சாமை சாப்பிடச் சொல்கிறார்கள். என் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் பளபள டப்பாவில் சாமை வாங்கி வந்தார். விலையைப் பார்த்துவிட்டு அரிசிக்கே திரும்பிவிட்டார்.

அடுத்தது பாக்ஸைட். அலுமினியத்துக்கு மூலப்பொருள். மேட்டூரில் மால்கோ என்கிற மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1960-களில் உற்பத்தி தொடங்கியது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய சிவப்பு மண் மேட்டூருக்குப் போயிற்று. ஒரு டன் அலுமினியத்துக்கு நாலைந்து டன் பாக்ஸைட் வேண்டும், கூடவே பதினாலாயிரம் யூனிட்டுக்குக் குறையாத கரண்ட். ஆகவே ஆலை கரண்ட் இருக்கிற இடத்தில். மலையில் பள்ளம். வேலை என்று சிலருக்குக் கிடைத்தது வெட்டுக்கூலியும் லோடு கூலியும். கொல்லிமலைச் சுரங்க வேலை 2008-ல் நின்றது. கனிமம் எடுக்கிற மாவட்டத்துக்கே ஒரு பங்கு ஒதுக்க 'மாவட்டக் கனிம அறக்கட்டளை' என்று ஒன்று சட்டத்தில் வந்தது 2015-ல். ஏழு வருஷம் லேட். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு பாயசம்.

எல்லா ஊரிலும் இப்படித்தானா என்றால், இல்லை. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா என்று ஒரு நாடு. 1966-ல் சுதந்திரம் வந்தபோது பரம ஏழை. மறு வருஷம் வைரம் கிடைத்தது. வெட்டுவதற்கு வெளிநாட்டுக் கம்பெனிதான். ஆனால் அரசாங்கம் பங்கு கேட்டு வாங்கியது. அதோடு விடவில்லை. வைரத்தைத் தரம் பிரித்து விற்கிற வேலை லண்டனில் நடந்துகொண்டிருந்தது. நச்சரித்து நச்சரித்து 2013-ல் அதையும் தங்கள் தலைநகர் காபரோனுக்கு இழுத்துக்கொண்டார்கள். தராசு ஊருக்கு வந்துவிட்டது! உடனே பாலும் தேனும் ஓடவில்லை. செயற்கை வைரம் வந்து அவர்களையும் இப்போது கலக்கிக்கொண்டிருக்கிறது. என் கிராஃபில் வியட்நாம் வந்த மாதிரி.

பேளுக்குறிச்சிக்கும் காபரோனுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். மலையிலிருந்து பார்த்தால், முதல் தராசு இருக்கிற இடம் பேளுக்குறிச்சிதான். அங்கே கொஞ்சம் மாற்றம் வந்தாலும் மேலே ஒரு கூரை மாறுகிறது. மலையில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. முன்பணம் யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் இன்னும் கேள்வி. அறுவடைக்கு முன்னால், ஆடியில், ஹாஸ்டல் பீஸ் கட்டவேண்டிய அந்த வாரத்தில், மிளகை அடகாக வைத்துக்கொண்டு ஒருத்தர் நியாயமான வட்டிக்குப் பணம் கொடுத்தால், பெரியவர் என்னைப் போலவே மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். என்னைவிட நன்றாகவே செய்வார். அவருக்குக் கிராஃப் போடத் தெரியாது.

இந்தத் தடவை அவரைத் தேடினேன். காணவில்லை. மிளகுக் கடைக்காரர்தான் சொன்னார். பையன் படிப்பு முடித்து ஓசூரில் வேலைக்குப் போய்விட்டானாம். பெரியவர் இப்போது சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்குகிறாராம். "விலை கேட்டுட்டு, சாக்கைக் கட்டிட்டு மறுபடி மலைக்கே போயிர்றாருங்க!" கடைக்காரர் குரலில் வருத்தம். எனக்கு ஏனோ ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

"கிலோ என்னங்க?"

"எழுநூத்தி இருவதுங்க."

"நாங்க கொண்டாந்தா?"

"ஆறு அம்பதுக்கு எடுத்துக்கலாமுங்க. இருக்குதுங்களா?"

இல்லை என்றேன். ஒன்பது வருஷம். அந்த நாலு மூட்டையும் இருந்திருந்தால் ஒரு லட்சத்து முப்பதாயிரம். அப்போதும் ஆறாயிரம் நஷ்டம். அதையே ஏழு சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் இரண்டரை லட்சம் பக்கம் வந்திருக்கும். பி.காம். படித்தவர்கள் சந்தையில் நின்று இப்படியெல்லாம் கணக்குப் போடக்கூடாது. உடம்புக்கு ஆகாது.

ஒரு கிலோ கொடுங்கள் என்றேன். லிஸ்ட்டில் இல்லாவிட்டால் என்ன? அவர் ஒரு பிடி எடுத்துத் தம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டினார். சொத்தையும் பப்பாளி விதையும் மிதக்கும், நல்ல மிளகு அடியில் போய் உட்காரும். எல்லாம் உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்து பையைத் திண்ணையில் வைத்தேன். மனைவி ஒவ்வொன்றாக எடுத்து லிஸ்ட்டோடு சரிபார்த்தாள். கடைசியில் மிளகுப் பொட்டலம் வந்தது. என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு மிளகை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மலை மிளகு, அப்படித்தான் இருக்கும்.

"கிலோ என்ன வெல?" என்றார். 2019-க்குப் பிறகு அவர் மிளகு பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"எழுநூத்தி இருபதுப்பா."

அப்பா தலையாட்டினார். அப்புறம் வாசலைப் பார்த்துக்கொண்டு உதட்டை லேசாக அசைத்தார். இருநூறால் பெருக்குகிறார் என்று தெரிந்தது. வியாபாரி எடுக்கிற விலை ஆறு அம்பதுதான் என்று நான் சொல்லவில்லை.